அச்சமும் அறுசுவையும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இருளை ஓட்டுவதற்கு விளக்கு உண்டு. அரண்ட மனத்தைத் தேற்றுவதற்கு மனித குலம் கண்ட வழிகளுள் ஒன்று விருந்து. அஞ்சத்தக்க ஒன்றுக்கு ஓர் உருவம் கொடுத்து, அதனை மாவிலே பிடித்து, ஆவியிலே அவித்து, பலர் கூடியிருந்து உண்டுவிட்டால் அச்சத்திற் பாதி அகன்றுவிடுகின்றது. மேனாட்டார் ஒக்டோபர் 31ஆம் நாள் இரவில் கொண்டாடும் ஹலோவீன் விழாவின் உட்பொருளும் ஏறக்குறைய இதுவே.

அவ்விழா இன்று கொழும்பு மாநகருக்கும் வந்துவிட்டது. பெரிய ஹோட்டல்களிலே தொடங்கிய பழக்கம் இப்பொழுது வெள்ளவத்தை மாடி வீடுகளின் படிகளிலும் ஏறியுள்ளது. பிள்ளைகள் முகமூடி அணிந்து ஒன்றுகூடுகின்றனர். பெற்றோருக்கோ அன்று என்ன உணவு ஆக்குவது என்ற கேள்வி எழுகின்றது. கறுப்புச் சாயமும் செஞ்சாயமும் ஏற்றிய கேக்கு வகைகளைக் கடையில் வாங்கி வைப்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். ஆயின், அச்சத்தையும் உணவையும் இணைக்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. அடுக்களையிலேயே இருக்கும் அந்தச் செல்வத்தை அறிந்துகொண்டால், அவ்விருந்துக்குச் சுவையும் கூடும், பொருளும் கூடும்.

முதலில் விழாவின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்ற்றிய மக்கள், அறுவடை முடிந்து கூதிர்காலம் தொடங்கும் அவ்விரவைச் சாவின் என்று வழங்கினர். அன்று மறைந்தோரின் ஆவிகள் வீடு திரும்பும் என்பது அவர்தம் நம்பிக்கை. பின்னர்க் கிறித்தவ சமயம் அங்கே பரவி, 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் நவம்பர் 1ஆம் நாள் புனிதர் அனைவருக்கும் உரிய திருநாளாக நிலைபெற்றது. அதற்கு முன்னிரவு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரே தேய்ந்து ஹலோவீன் ஆயிற்று. நவம்பர் 2ஆம் நாளோ மரித்த ஆன்மாக்கள் அனைவருக்கும் உரிய வேண்டுதல் நாளாயிற்று. 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது ஐரிஷ் மக்கள் பெருந்தொகையினராய் அமெரிக்கா சென்றனர். தம் நாட்டிலே கிழங்கைக் குடைந்து அதனுள் விளக்கு வைத்த அவர்கள், அங்கே எளிதிற் கிடைத்த பெரிய பூசணிக்காயைக் குடையத் தொடங்கினர். இன்று உலகெங்கும் காணும் பல்லிளிக்கும் பூசணி இவ்வாறு பிறந்ததே.

இவ்வரலாற்றிலே உணவு இடையில் வந்து புகுந்ததன்று. தொடக்கம் முதலே அதுதான் நடுப்பொருள். இடைக்கால இங்கிலாந்தில் ஏழை மக்கள் வீடு வீடாகச் சென்று அவ்வீட்டில் இறந்தோருக்காக வேண்டுதல் செய்தனர். வீட்டார் அவர்களுக்குச் சிறு அப்பங்களை வழங்கினர். இன்று பிள்ளைகள் கதவைத் தட்டி இனிப்புக் கேட்பதற்கு அவ்வழக்கத்தையே ஒரு மூலமாகச் சொல்லுவர். மெக்சிக்கோ நாட்டில் நவம்பர் முதலிரு நாள்களிலும் எலும்பு வடிவான மாத்துண்டுகளை மேலே பதித்து ரொட்டி சுடுகின்றனர். சீனியால் மண்டையோடு செய்து அதன் நெற்றியிலே பெயர் எழுதுகின்றனர். இறந்தவர் விரும்பி உண்டவற்றைப் படைத்துச் செவ்வந்திப் பூவால் அலங்கரிக்கின்றனர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விழாவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

இறந்தவர் விரும்பி உண்டவற்றைப் படைத்தல் என்றதும் யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு எட்டுச் செலவு நினைவுக்கு வரும். ஒருவர் இறந்து எட்டாம் நாளையொட்டி, அவருக்கு விருப்பமான கறி வகைகளையும் பலகாரங்களையும், அவர் சுருட்டுப் பிடிப்பவராயின் சுருட்டையுங்கூட, வாழையிலையிற் படைப்பர். பின்னர் அப்படையலிற் பங்கெடுத்து அந்திவேளையில் ஒழுங்கைச் சந்தியிலே கொண்டுபோய் வைத்து, திரும்பிப் பாராமல் வீடு வந்துவிடுவர். அன்பும் அச்சமும் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் இலை வேறொன்று இல்லை எனலாம். வந்தவர் வயிறார உண்ண வேண்டும் என்பது அன்பு. உண்டபின் வழி தெரிந்து போய்விட வேண்டும் என்பது அச்சம். 31ஆம் நாளில் அந்தியேட்டி முடிந்தபின் அச்சம் விலகி, அன்பு மாத்திரம் எஞ்சுகின்றது. தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருக்கின்றனர். ஆடி அமாவாசையன்று காத்தோட்டிக் காயைத் தேடிப் பெற்றுக் கறியாக்குவது யாழ்ப்பாண வழக்கம். கைப்பான காய் அது. துக்கத்துக்குரிய சுவை கைப்பு என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். சித்திரா பௌர்ணமியில் யமனுடைய கணக்கரான சித்திரபுத்திரரின் கதையைக் கோயிலிலே படித்து, கேட்டிருந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பர். நரகத்தைப் பற்றிக் கேட்டு நடுங்கிய நெஞ்சுக்கு உடனே ஒரு சிரட்டைக் கஞ்சி மருந்தாகின்றது.

கொழும்பிலே, சிறப்பாகக் கொட்டாஞ்சேனையிலே, இவ்வழக்கங்கள் ஒன்றையொன்று அடுத்து வாழ்கின்றன. புனித லூசியாள் பேராலயத்தின் பங்கு மக்கள் நவம்பர் மாதத்தில் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அயலிலுள்ள பௌத்தர் இறந்தவரின் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் பிக்குமாருக்கு அன்னம் அளித்து, அப்புண்ணியத்தை இறந்தவருக்கு உரித்தாக்குகின்றனர். முஸ்லிம் வீடுகளிற் பராஅத் இரவிலே மறைந்தோருக்காக ஓதி, ரொட்டியும் இனிப்பும் பங்கிடும் வழக்கம் உண்டு. சமயங்கள் வெவ்வேறாயினும் எல்லா அடுக்களைகளும் ஒன்றையே சொல்லுகின்றன: இறந்தவர் பெயரால் இருப்பவர் உண்ணுக.

இனி, அச்சத்தை விலக்கும் வழக்கங்கள் சில உண்டு. பொரித்த இறைச்சியோ மீனோ இரவிலே வெளியே கொண்டுபோக நேர்ந்தால், அதனோடு ஒரு கரித்துண்டு அல்லது இரும்பாணி வைத்து அனுப்புவது தமிழரிடமும் சிங்களவரிடமும் காணப்படும் பொது வழக்கம். பொரியல் மணத்துக்குப் பேய் பின்தொடரும் என்பது நம்பிக்கை. புதுவீட்டிலும் கடைவாயிலிலும் நீற்றுப்பூசணியைத் தொங்கவிடுவதும், அதனுள் குங்குமம் இட்டு உடைப்பதும் கண்ணேறு கழிக்கும் முறைகள். அயர்லாந்துக்காரனின் கிழங்கும் தமிழனின் நீற்றுப்பூசணியும் வாயிற்காவலுக்கு நிற்கும் இரு உடன்பிறப்புகளே. ஆரத்தித் தட்டிலே மஞ்சள் நீர் திடீரெனச் சிவப்பதும் பிள்ளைகளை மருட்டும் காட்சி. மஞ்சளிலுள்ள நிறப்பொருள், காரத்தன்மையுள்ள சுண்ணாம்பு சேர்ந்ததும் செந்நிறமாக மாறுகின்றது. அதே நீரிலே தேசிக்காய்ச் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் வந்துவிடும். மந்திரம் போலத் தோன்றும் இதற்குப் பின்னால் இருப்பது எளிய இரசாயனமே.

விலக்குவதோடு நில்லாமல், பேயைப் பார்த்துச் சிரிக்கவும் தமிழ் கற்றிருந்தது. 12ஆம் நூற்றாண்டிலே செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி அதற்குச் சான்று. நெடுநாள் பட்டினி கிடந்த பேய்கள் போர்க்களத்திலே கூடிக் கூழ் அடுகின்றன. மாண்ட வீரரின் பற்களே அரிசி. அவர்தம் கேடயமே சுளகு. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் பந்தியிலே தனித்தனி உபசாரம் நடக்கின்றது. கல்யாண வீட்டுப் பந்தியை நன்கு அறிந்த ஒருவரே இவ்வாறு பாடியிருக்க முடியும். அச்சமூட்டும் உணவைப் பற்றி உலக இலக்கியம் பேசுமாயின், இக்கூழுக்கு அங்கே முதலிடம் கொடுத்தல் தகும். ஆயினும் அது வென்ற வேந்தனின் அவைக்குப் பாடிய நூல் என்பதையும் மறத்தல் ஆகாது. அதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

விருந்துக்கு வருவோம். பிள்ளைகள் கூடும் மேசைக்கு முதலில் வரத்தக்கது பல்லுக்கொழுக்கட்டை. குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் யாழ்ப்பாணத்தார் செய்யும் பலகாரம் இது. வறுத்த அரிசிமா இரண்டு கோப்பை எடுத்து, உப்பிட்ட கொதிநீர் விட்டுப் பிசைந்துகொள்ள வேண்டும். வறுத்து அவித்த பயறு ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ அரைக் கோப்பை, வேண்டிய அளவு சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து உள்ளே வைத்து, பிறை வடிவாக மூடி, விளிம்பிலே சிறு தேங்காய்ச் சொட்டுகளைப் பற்களைப் போல வரிசையாகப் பதித்துக் கால்மணி நேரம் அவித்தாற் போதும். விளிம்பு சற்றே திறந்தாற்போல அமைந்துவிட்டால் தட்டு நிறைய வாய்கள் சிரிக்கும். வேறெந்த நாட்டு ஹலோவீன் பலகாரமும் இதற்கு ஈடாகாது. அதன் கதையையும் உடன் சொல்லுதல் நன்று. உலகுக்கு வந்த ஒரு குழந்தையின் முதற்பல்லைக் கொண்டாடும் உணவே, அவ்விரவிலே பேய்ப்பல் ஆகின்றது.

மிஞ்சிய மாவையும் உள்ளீட்டையும் சேர்த்துப் பிசைந்து விரலளவாக உருட்டலாம். மூட்டு இருக்குமிடத்திற் கத்தியின் முதுகால் இரண்டு கோடு கீறி, நுனியிலே தோல் நீக்கிய கச்சான் பருப்பின் பாதியை நகமாக அழுத்தி அவித்தால் சூனியக்காரக் கிழவியின் விரல்கள் ஆயத்தம். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்கள் வருவார்களாயின் தேங்காய்ச் சொட்டே நகமாகட்டும்.

இராப்போசனத்துக்கு இடியப்பம் மிகவும் ஏற்றது. சிவப்பரிசி மாவிற் பிழிந்த இடியப்பத்தை மேசையிலே குவித்தால் அது சடைபிடித்த கூந்தல். வெள்ளை மாவில் மெல்லியதாகப் பிழிந்து தட்டையாகப் பரப்பினால் அது சிலந்திவலை. வெண்மையான சொதியிலே பாதியாக வெட்டிய அவித்த முட்டைகளை மிதக்கவிட்டு, மஞ்சட் கருவின் மேல் ஒரு கறிமிளகாய் வளையத்தை வைத்துவிட்டால் சட்டியிலிருந்து கண்கள் விழித்துப் பார்க்கும். இவற்றுக்குச் சாயம் எதுவும் வேண்டியதில்லை.

வளர்ந்தோருக்கு ஒடியற் கூழைவிடச் சிறந்தது ஒன்று இல்லை. மேனாட்டுக் கதைகளில் வரும் சூனியக்காரியின் கொப்பரையிலே தவளையும் பாம்பும் வேகும். ஒடியற் கூழ்ப் பானையிலே நண்டுக்கால் மேலெழும்; மீன்தலை எட்டிப் பார்க்கும்; இறாலும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயற்றங்காயும் ஒன்றோடொன்று மோதும். ஒடியல் மாவை முன்னதாகவே நீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்துக் கைப்பைப் போக்கிக்கொள்ள வேண்டும். மற்றவை வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, இறுதியில் மாவைக் கரைத்துவிட்டுக் கொதிக்க வைத்துச் சுடச்சுடப் பரிமாறலாம். ஒடியல் மா வெள்ளவத்தைக் கடைகளில் வாங்கத்தக்கது. பலாவிலையைக் கோலிக் குடித்தால் அதன் சுவையே தனி. விளக்கைத் தணித்துவிட்டுப் பானையைத் திறந்தால், முகமூடி அணிந்தவரும் ஒரு கணம் பின்வாங்குவர்; மறுகணம் எல்லோரும் முன்வருவர்.

பருகுவதற்கு நீலச் சங்குப்பூ உதவும். உலர்ந்த பூவைக் கொதிநீரில் இட்டால் நீர் ஆழ்ந்த நீலமாகும். சீனி சேர்த்து ஆறவைத்து, பிள்ளைகளின் கண்ணெதிரே தேசிக்காயைப் பிழிந்தால் அது ஊதா நிறமாக மாறிவிடும். மஞ்சள் நீரின் நிறமாற்றத்துக்கு இது ஓர் இணை. அது பார்ப்பதற்கு, இது பருகுவதற்கு. மேசையின் நடுவே குடைந்த பூசணியை வைப்பவர் அதன் சதையை எறிந்துவிடாமல் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கிக்கொள்ளலாம். உள்ளே எண்ணெய் விளக்குக்குப் பதிலாகச் சிறு மின்விளக்கை வைத்தல் பிள்ளைகளின் முகமூடிக்கும் காகித ஆடைக்கும் பாதுகாப்பு.

காலத்தையும் கவனித்தல் வேண்டும். ஒக்டோபர் மாத இறுதி தீபாவளியை ஒட்டிய காலம். 2024ஆம் ஆண்டில் தீபாவளியே ஒக்டோபர் 31ஆம் நாளிலே வந்தது. அதனை அடுத்துக் கந்தசஷ்டி விரதம் தொடங்கும். எனவே விருந்தினருள் மரக்கறி உணவுக்காரர் எவர், விரதகாரர் எவர் என முன்னரே அறிந்துகொள்வது நாகரிகம். மேலே சொல்லிய பலகாரங்கள் மரக்கறி உணவுக்காரருக்கும் உரியனவே. ஒடியற் கூழையும் நண்டும் மீனும் இன்றி மரக்கறியாற் காய்ச்சலாம்.

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. பேய் வேறு, இறந்தவர் வேறு. மேனாட்டுக் கடைகள் இன்று விற்கும் ஹலோவீன் பண்டங்களில் வெட்டுண்ட கையும், குருதி வழியும் உடலும் பெரிதும் காணப்படுகின்றன. சாவைத் தொலைவிலே கண்ட மக்களுக்கு அவை வேடிக்கையாக இருக்கலாம். கொழும்பு நகரமோ சாவை அண்மையிலே கண்ட நகரம். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எரிந்த தமிழர் வீடுகளின் நினைவு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் ஆறவில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்து வழிபட வந்தோர் மாண்டனர். அங்கிருந்து கொட்டாஞ்சேனை எட்டி நடக்கும் தூரமே. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி இனிப்புக் கேட்கும் பிள்ளைக்கு, அக்கதவின் பின்னால் யாருடைய படம் மாலையிட்டுத் தொங்குகின்றது என்பது தெரியாது. பெற்றோருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

பரணி பாடிய கூழை இங்கே மீண்டும் நினைத்தல் தகும். அது வென்றவர் பக்கத்திலிருந்து எழுந்த நகைச்சுவை. களத்திலே கிடந்தவரின் வீட்டார் அதனைக் கேட்டுச் சிரித்திருக்க மாட்டார்கள். இக்காலத் தமிழரிடம் இன்னொரு களத்துக் கஞ்சியும் உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த போரின் கடைசி வாரங்களிலே, முள்ளிவாய்க்காலிற் சிக்குண்ட மக்களுக்கு அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே உணவாயிற்று. அண்மை ஆண்டுகளில் மே மாதம் தோறும் வடக்கிலும் கிழக்கிலும் அதே கஞ்சியைக் காய்ச்சி வழங்குகின்றனர். தேங்காய்ப்பால் இல்லை, சர்க்கரை இல்லை, அலங்காரம் இல்லை. அக்கஞ்சியைச் சுவைக்காக எவரும் குடிப்பதில்லை. எட்டுச் செலவின் இலையும், காத்தோட்டிக் காயின் கைப்பும், இக்கஞ்சியும் ஒரு வரிசையில் வைக்கத்தக்கவை. அவ்வரிசையிலிருந்து எதனையும் விளையாட்டு விருந்துக்கு எடுத்தல் முறையாகாது.

ஆகவே அடுக்களையில் இரண்டு அடுப்புகள் உண்டு எனக் கொள்ளலாம். ஒன்று அச்சத்தைச் சிரித்து ஓட்டுவதற்கு. அதிலே பல்லுக்கொழுக்கட்டை அவியட்டும், ஒடியற் கூழ் கொதிக்கட்டும், சட்டிக்குள்ளிருந்து கண்கள் விழிக்கட்டும். மற்றது இறந்தோரை நினைந்து ஏற்றுவதற்கு. அதிலே அமைதியாகக் கஞ்சி வேகட்டும். எந்த அடுப்பில் எதனை ஏற்றுவது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டால், ஒக்டோபர் 31ஆம் நாள் இரவிலே அவர்கள் வயிறாரச் சிரிக்கலாம். ஆடி அமாவாசையன்று பாட்டனுக்கு இலை போடும்போது அதே பிள்ளைகள் அழையாமலே வந்து பக்கத்தில் அமர்வர். பேயைப் பரிகசிக்கலாம், பிரிந்தவரைப் பரிகசிக்கலாகாது. இவ்வெல்லையை அறிந்த வீட்டிலே எந்த நாட்டு விழாவும் அச்சமின்றிக் கால் வைக்கலாம்.